ஆசிரியர் விடுப்பும் பதிலியில்லாத வகுப்பறையும்: கொங்கு நாட்டுப் பெற்றோரின் முறையீட்டை முன்வைத்து

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோரிடம் பேச்சுக்கொடுத்தால் விரைவிலேயே ஒரு குறை வந்து நிற்கும்: “டீச்சர் இன்னைக்கும் லீவுங்க.” அதே பள்ளியின் ஆசிரியரைக் கேட்டால், தான் விடுப்பே எடுக்கவில்லை, வட்டார வள மையத்தில் பயிற்சி இருந்தது, ஆன் டியூட்டி என்று வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டுவார். இருவர் சொல்வதும் உண்மை. பதிவேட்டின் கணக்கில் வந்தவர் குழந்தையின் கணக்கில் வராதவராக இருக்கிறார். இந்த இரு கணக்குகளும் ஒட்டாமல் போவதற்கு ஆசிரியரின் ஒழுக்கக் குறைவைக் காரணம் காட்டுவது எளிது. அதிகாரிகளும் நாளிதழ்களும் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள். இக்கட்டுரையின் வாதம் வேறு. ஆசிரியர் வராத நாளில் வகுப்பை யார் எடுப்பது என்ற கேள்விக்கு நம் பள்ளிக்கல்வி அமைப்பில் நிலையான விடை கிடையாது. அந்த விடையைத் தேடும் பொறுப்பு, ஆண்டுகள் செல்லச் செல்லப் பெற்றோரின் தலைமேல் ஏற்றப்பட்டிருக்கிறது.

ஆசிரியர் வராமையைப் பற்றிய இந்திய ஆய்வுகளில் அதிகம் பேசப்பட்டது, கிரெமர், முரளிதரன் முதலியோர் 2005இல் வெளியிட்டது. முன்னறிவிப்பின்றிப் பள்ளிகளுக்குச் சென்று பார்த்தபோது, நாடு முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் 25 விழுக்காட்டினர் பள்ளியில் இல்லை. தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ 21 விழுக்காடு. 2010இல் ஊரகப் பள்ளிகளை மீண்டும் பார்த்தபோது நாட்டின் சராசரி 26.3இலிருந்து 23.6க்குத்தான் இறங்கியிருந்தது. ஐந்தில் ஒருவர், நான்கில் ஒருவர் என்ற இந்த எண்கள் ஆசிரியர்மீதான வசைக்கு ஆதாரமாகப் பல ஆண்டுகள் பயன்பட்டன. 2017இல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை ஆறு மாநிலங்களில் 619 பள்ளிகளைப் பார்த்து இந்த எண்ணைப் பிரித்துக் காட்டியது. மொத்த வராமை 18.5 விழுக்காடு, அதில் 9 விழுக்காடு துறையே அனுப்பிய அலுவல், 7 விழுக்காடு முறையான விடுப்பு, காரணமின்றி வராதது 2.5 விழுக்காடு மட்டுமே. ஆசிரியர் சங்கங்கள் இந்தக் கடைசி எண்ணை மேடைதோறும் சொல்கின்றன; சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 18.5தான் எண். ஆசிரியர் எந்தக் காரணத்தால் வரவில்லை என்பது அந்தப் பிள்ளையின் கழித்தல் கணக்கைச் சொல்லித்தராது.

இந்த விழுக்காடு எல்லாப் பள்ளிகளையும் ஒரேபோலத் தாக்குவதும் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. கொங்குக் கிராமங்களில் சேர்க்கை குறைந்துவிட்டதால் ஈராசிரியர் பள்ளிகளே கண்ணில் படுகின்றன. ஆகஸ்ட் 1 நிலவரப்படி எண்ணிக்கை பார்த்து, மிகுதி ஆசிரியரை இடம் மாற்றும் பணி நிரவல் நடந்து முடிந்தால், மிஞ்சுவது அந்த இருவர்தான். ஆசிரியர் ஒவ்வொருவரும் 18.5 விழுக்காடு நாள்கள் வெளியே இருப்பதாகவும், பள்ளியை மூடக் கூடாது என்ற பொறுப்போடு இருவரும் ஒரே நாளில் போவதைத் தவிர்ப்பதாகவும் வைத்துக்கொள்வோம். சட்டம் கேட்கும் 200 வேலை நாள்களில் 74 நாள் அந்தப் பள்ளி ஓராசிரியர் பள்ளியாகிவிடும். அதாவது, ஆசிரியர்கள் எவ்வளவு பொறுப்போடு மாறிமாறிப் போகிறார்களோ அவ்வளவுக்கு ஒருவரே ஐந்து வகுப்புகளையும் கட்டி மேய்க்கும் நாள்கள் கூடுகின்றன. பெரிய பள்ளியில் பத்துப் பேரில் இருவர் வராவிட்டால் மற்றவர்கள் பாடவேளைகளைப் பங்குபோட்டுக்கொள்ளலாம். சின்னப் பள்ளியில் பங்குபோட ஆளில்லை. இந்த எளிய கணக்கு எந்த ஆய்வறிக்கையின் சராசரியிலும் தெரிவதில்லை. பெற்றோருக்கு மட்டும் தெரிகிறது.

அப்படிப்பட்ட நாளில் வகுப்பைப் பார்த்துக்கொள்வது வகுப்புத் தலைவன். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையின் நேர் வாரிசு அவன். எழும்பூர் ஆண் அநாதை விடுதியில் 1789 முதல் பொறுப்பிலிருந்த ஆண்ட்ரூ பெல், மூத்த பிள்ளை இளையவருக்குக் கற்பிக்கும் முறையைக் கையாண்டு, 1797இல் அதை நூலாக்கி, ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அதன் முதன்மையான கவர்ச்சி, செலவு குறைவு என்பதே. சட்டாம்பிள்ளை முறையில் நல்லது இல்லாமலில்லை. ஆனால் அது மேற்பார்க்கும் ஆசிரியர் ஒருவர் கூடவே இருப்பதை எதிர்பார்த்த முறை. ஆசிரியருக்குப் பதிலாக ஒரு பிள்ளையை நிறுத்துவதற்கு அதில் எந்த நியாயமும் இல்லை.

நாள்கள் எங்கே போகின்றன? தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12. அதற்கு மேல் ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துக்கான பயிற்சிகள், குறுவள மையக் கூட்டங்கள், வட்டாரக் கல்வி அலுவலர் கேட்கும் விவரங்கள், கல்வித் தகவல் மேலாண்மைத் தளமான எமிஸில் ஏற்ற வேண்டிய தரவுகள். பிறகு தேர்தல். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர வேறு பணிக்கு ஆசிரியரை இழுக்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்த விலக்கின் வாசல் அகலமானது. 2025 நவம்பர் 4 முதல் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது, வாக்குச்சாவடி நிலை அலுவலராக வீடுவீடாகப் படிவம் கொண்டுபோனவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். 2027ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கும் அவர்களைத்தான் தேடுவார்கள். இவற்றுள் எதுவும் ஆசிரியரின் சோம்பல் ஆகாது.

மகப்பேறு விடுப்பைத் தனியே சொல்ல வேண்டும். அரசு ஊழியரான பெண்களுக்கு அது 2011இல் ஆறு மாதமாகவும், 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021இல் பன்னிரண்டு மாதமாகவும் உயர்ந்தது. பெருமைப்படத்தக்க சமூகநல நடவடிக்கை இது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் பெண்களே மிகுதி. ஆகவே இந்த உரிமையைக் கொடுத்த அன்றே, அந்த ஆண்டுக்கு அந்த வகுப்புக்கு யார் என்ற கேள்விக்கும் விடை கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காததன் விளைவு கொடுமையானது: பிள்ளை பெற்ற ஆசிரியையின்மேல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்க்குக் கோபம் வருகிறது. அரசு செய்யாத ஓர் ஏற்பாட்டின் பழியை இரு பெண்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பள்ளிக்கூட வாசலில் இந்தக் கசப்பைக் கேட்டவர்களுக்கு, இது வெறும் நிர்வாகச் சிக்கல் என்று தோன்றாது.

பதிலி ஆசிரியர் என்ற ஏற்பாடே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. உண்டு; ஆனால் எல்லாம் நெருக்கடியின் பிள்ளைகள். மேல்நிலைப் பள்ளிகளில் ‘பி.டி.ஏ. டீச்சர்’ என்பவர் நெடுங்காலமாக இருக்கிறார்: பெற்றோர் ஆசிரியர் கழகம் பணம் திரட்டிச் சொற்பச் சம்பளத்தில் வைத்துக்கொள்பவர். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள், வாரம் மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய் என்று நியமிக்கப்பட்டார்கள். கணக்கு ஆசிரியர் வராத பாடவேளையில் அவர்களை உட்காரவைப்பது வழக்கமாகிப் போனது. 2019 ஜனவரி 22இல் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை 7,500 ரூபாய்க்கு நியமிக்கலாம் என்று அரசு அறிவித்து, அதைச் சில நாள்களில் 10,000 ஆக்கியது. ஜனவரி 30இல் வேலைநிறுத்தம் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாக 13,331 தற்காலிகப் பணியிடங்கள்: இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய். அது நீதிமன்றம் வரை போனது.

இவற்றில் பொதுத் தன்மைகள் இரண்டு உண்டு. முதலாவது, பெரும்பாலும் நியமிப்பவர் பெற்றோர், அல்லது பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள குழு. 2019இல் இது அப்பட்டமாகத் தெரிந்தது: போராடும் ஆசிரியருக்கு எதிராகப் பெற்றோரை வேலை கொடுப்பவராக நிறுத்தினார்கள். போராட்டம் முடிந்தபின் அதே பெற்றோர் அதே ஆசிரியரின் முகத்தில்தான் விழிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது, இந்த ஏற்பாடுகள் காலிப் பணியிடத்துக்கோ வேலைநிறுத்தத்துக்கோ ஆனவை. செவ்வாய்க்கிழமை காய்ச்சலில் படுத்த ஆசிரியருக்குப் பதிலாகப் புதன்கிழமை ஒருவரை அனுப்ப இவற்றால் முடியாது. ஆனால் பெற்றோரின் முறையீட்டில் பெரும்பங்கு இத்தகைய உதிரி நாள்களைப் பற்றியதே. நியூயார்க் நகரப் பள்ளிகளை ஆராய்ந்த ஹெர்மனும் ராக்காஃபும் 2012இல் காட்டியது இங்கே பொருந்துகிறது: நீண்ட விடுப்பைவிடச் சிறு விடுப்பில்தான் ஒரு நாளுக்கான கற்றல் இழப்பு அதிகம். நீண்ட காலம் வரும் பதிலி, வகுப்பைப் புரிந்துகொள்கிறார். ஒருநாள் பதிலிக்குப் பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியாது. நமக்கோ அந்த ஒருநாள் பதிலியும் இல்லை. வராமையின் விலை சிறிதன்று: சாம்பியாவில் தாஸ் முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, ஆசிரியர் வராமை 5 விழுக்காட்டுப் புள்ளி கூடினால் பிள்ளைகளின் ஓராண்டுக் கற்றல் வளர்ச்சியில் 4 முதல் 8 விழுக்காடு குறைவதாகக் கண்டது.

அமைப்பு காலியாக விட்ட இடத்தில் முறைகேடு புகுந்துகொள்ளும். 2024 நவம்பரில் தருமபுரி மாவட்டத்தில், தனக்குப் பதில் வேறொருவரைக் கூலிக்கு அமர்த்தி வகுப்பெடுக்கச் செய்த அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். தண்டனை சரியானதே. ஆயினும் அந்த ஊரில் பாடம் எடுக்கத் தெரிந்த, எடுக்க விரும்பிய ஒருவர் இருந்தார் என்பதும், அவரை முறையாக அழைத்துக்கொள்ள அரசிடம் ஒரு வழியும் இல்லை என்பதும் அச்செய்தியில் பேசப்படாமலே போயின.

ஓர் எதிர்வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. ஒப்பந்த ஆசிரியர்கள் நிரந்தர ஆசிரியர்களைவிடக் குறைவாகவே விடுப்பு எடுக்கிறார்கள் என்றும், கற்பித்தலில் அவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர் என்றும் ஆந்திர ஊரகப் பள்ளிகளில் முரளிதரனும் சுந்தரராமனும் நடத்திய ஆய்வு காட்டுகிறது. அப்படியானால் தற்காலிக நியமனத்தையே பெருக்கினால் என்ன? அந்த ஆய்வில் ஒப்பந்த ஆசிரியர் கூடுதல் ஆளாகச் சேர்க்கப்பட்டார். நம்மிடம் அவர் காலியிடத்தை அடைக்க வருகிறார். இன்னொன்று, 2022இல் அறிவித்த 7,500 ரூபாயில் ஒருவர் கோவையில் எத்தனை மாதம் நின்றிருப்பார்? திருப்பூரின் பனியன் கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருபவர் அதைவிடக் கூடுதலாகச் சம்பாதிப்பார். ஆண்டு நடுவில் பதிலியே விலகிப்போனால் அவருக்கு ஒரு பதிலி தேட வேண்டும்.

பெற்றோர் என்ன செய்கிறார்கள்? ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில், ஓர் அமைப்பு சீர்கெடும்போது மக்களுக்கு இரண்டு வழி உண்டு என்றார்: குரல் எழுப்புவது, அல்லது வெளியேறுவது. கல்வியில் அக்கறை மிகுந்த பெற்றோர் முதலில் வெளியேறுவதால், பொதுப்பள்ளியைச் சீர்திருத்தக் கூடிய குரல்களே அதைவிட்டுப் போய்விடுகின்றன என்பது அவருடைய கூர்மையான கவனிப்பு. இந்தக் கருத்துக்குக் கொங்கு நாட்டைப்போலப் பொருந்தும் இடம் குறைவு. இங்கே வெளியேறுவது எளிது. காலை ஏழரைக்கு மெட்ரிகுலேஷன் பள்ளியின் மஞ்சள் வேன் தோட்டத்து வீட்டு முக்குவரை வந்துவிடுகிறது. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோட்டு உறைவிடப் பள்ளிகள் மாநிலம் முழுவதற்கும் பெயர்போனவை. தறி வைத்திருப்பவரும் சிறு விவசாயியும் கடன் வாங்கியாவது வேனுக்குக் கட்டுகிறார்கள். அங்கே போனபின் ஜூனில் வந்த இயற்பியல் ஆசிரியர் தீபாவளிக்குப் பின் காணாமல்போவதைப் பார்க்கிறார்கள். குறைந்த சம்பளம், வேறு பள்ளியின் அழைப்பு, திருமணம் எனக் காரணம் பல. கட்டணம் கட்டிய பெற்றோரால் அங்கே அதைக் கேட்கவும் முடிவதில்லை. அரசுப் பள்ளியில் எஞ்சுபவர்கள் அருந்ததியர் குடியிருப்புகளின் பிள்ளைகள், வடமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகள், மலைக்கிராமப் பிள்ளைகள். அவர்களுடைய பெற்றோர் வெள்ளிக்கிழமை பிற்பகலில் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வர வேண்டுமானால் அரை ஷிப்டுச் சம்பளத்தை விட வேண்டும்.

அந்தக் குழுவின் உரிமையை நாம் சரியாகப் படிக்கவில்லை என்பது என் கருத்து. 2010ஆம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகள், ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா என்று பார்க்கும் பொறுப்பையும், 27ஆம் பிரிவுக்கு அப்பாற்பட்ட பணிகளால் ஆசிரியர்மீது சுமையேற்றப்படுகிறதா என்று கண்காணிக்கும் பொறுப்பையும் சேர்த்தே பெற்றோரிடம் கொடுத்தன. நடைமுறையில் முதலாவதைத்தான் பேசுகிறோம். ஒரு பள்ளியின் குழு, மாதந்தோறும் ஆசிரியரின் வெளிநாள்களைக் காரணம்வாரியாக எழுதித் தீர்மானமாக அனுப்பத் தொடங்கினால், அந்தத் தாளில் ஆசிரியரின் பெயருக்குப் பக்கத்தில் துறையின் பெயரும் வரும். ஆசிரியரும் பெற்றோரும் ஒரே பக்கம் நிற்பதற்குச் சட்டமே கொடுத்த இடம் இது.

அரசு செய்ய வேண்டியது புதிதொன்றும் இல்லை. போத்தனூரிலோ ஈரோட்டிலோ நிலைய மேலாளர் ஒருவர் விடுப்பில் போனால் ரயில் நிற்பதில்லை. விடுப்பை எதிர்பார்த்தே ரயில்வே ‘லீவ் ரிசர்வ்’ என்று பணியிடங்களை வைத்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு 10 விழுக்காடு வரை காலியிடத்தைப் பொறுத்துக்கொள்கிறது. அதே சட்டத்தின் அட்டவணையில் விடுப்புக்கென்று ஓர் இடம்கூட இல்லை. 160 ஆசிரியர் உள்ள ஓர் ஒன்றியத்தை எடுத்துக்கொண்டால், பயிற்சிகளையும் கூட்டங்களையும் பாட நேரத்திலிருந்து விலக்கிய பின், முறையான விடுப்பு மட்டும் 7 விழுக்காடு என்று வைத்தால், நாளொன்றுக்கு 11 பேர் தேவை. காலமுறை ஊதியத்தில், வட்டார வள மையத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னிரண்டு பதிலி ஆசிரியர்கள் போதும். பிரான்சில் தொடக்கப்பள்ளிகளுக்கு இப்படிப்பட்ட நிரந்தரப் பதிலி ஆசிரியர் பிரிவு இருக்கிறது. அதோடு, கட்டாயப் பாடங்களின் வகுப்புகள் ஆசிரியரின்றிப் பல வாரம் நடக்காமல் போனால் அது அரசின் குற்றம் என்று அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 1988 ஜனவரி 27இல் தீர்ப்பளித்தது. அங்கும் ஆள் பற்றாக்குறை இருக்கிறது, பெற்றோர் வழக்குப் போடுகிறார்கள். ஆனால் வழக்கு ஆசிரியர்மீது இல்லை, அரசின்மீது.

சமவெளிக்குச் சொன்ன இந்த ஏற்பாடு மலைக்கு ஆகாது. பொள்ளாச்சியிலிருந்து பேருந்தேறி, 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறையில் இறங்கும் பதிலி ஆசிரியர், அங்கிருந்து எஸ்டேட் பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் காலைப் பாடவேளைகள் போயிருக்கும். தாளவாடியிலும் பர்கூர் மலையிலும் வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைகளிடம் தமிழ் மட்டும் தெரிந்த ஒருநாள் பதிலியால் அதிகம் செய்ய இயலாது. அங்கே பதிலிப் பணியிடம் அந்தந்த மலையிலேயே குடியிருப்பவருக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை என்பதை 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ காட்டியது: மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குப் படித்த பெண்கள் தம் ஊரிலேயே மாலை வகுப்பு எடுத்தார்கள். அவர்களில் தகுதியுள்ளவரைப் பயிற்சிக்கு அனுப்பி, அவர்கள் பெற்ற ஆயிரத்துக்குப் பதிலாக இடைநிலை ஆசிரியருக்குரிய முழு ஊதியத்தில் மலைப்பகுதிப் பதிலி ஆசிரியராக அமர்த்துவதற்கு ஒரே ஓர் அரசாணை போதும். முதல் நியமனங்களை வால்பாறை, தாளவாடி, பர்கூர் மலைகளில் செய்யலாம்.