கள்ளுக்கும் உரிமம் வேண்டும்

வீட்டில் தயாரித்த பியரை விற்பதற்குச் சட்டம் இடமளிக்கின்றதா என்னும் கேள்வி மேலை நாடுகளில் அடிக்கடி எழுவதுண்டு. பிரித்தானியாவில் 1963 முதல் எவரும் தம் தேவைக்கு உரிமமின்றிப் பியர் தயாரிக்கலாம். அமெரிக்காவில் 1978 இல் இயற்றப்பட்ட மத்திய சட்டம், இருவரோ அதற்கு மேற்பட்டோரோ வளர்ந்தோராக வாழும் வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு 200 கலன் வரை வரிவிலக்கு அளித்தது. ஆனால் இவ்விரு நாடுகளிலும் அதில் ஒரு போத்தலை விற்றாலும் உரிமமும் வரியும் குறுக்கே வந்து நிற்கும்.

எமது தீவகத்தில் பார்லியும் இல்லை, பியர் காய்ச்சுவோரும் இல்லை. ஊர்காவற்றுறையிலிருந்து படகேறி அடையும் அனலைதீவில் பனை உண்டு. பனையில் கள்ளு உண்டு. ஆகவே அக்கேள்வி இங்கே வேறு உருவில் எழுகின்றது. தன் வளவில் நிற்கும் மரத்தில், தன் கையால் சீவிய கள்ளை ஒருவர் தன் வாசலில் வைத்து விற்கலாமா?

விற்கமுடியாது என்பதே சட்டத்தின் பதில். 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம், பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி மது தயாரித்தல், கள்ளு இறக்குதல், விற்றல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேண்டும். அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் வைத்திருப்பதுங்கூடக் குற்றமாகும். மரம் சொந்தமாக இருப்பது இதில் எந்தச் சலுகையையும் தருவதில்லை. பியர் வகையைத் தயாரிக்க விரும்புபவர், பியகமவில் இயங்கும் பெரிய மதுபான ஆலைக்குரிய அதே உரிம ஒழுங்கினுள்ளேயே செல்லவேண்டியவர் ஆவார்.

பாளையிலிருந்து சொட்டும் நீர் இனிப்பானது. முட்டியினுள்ளே சுண்ணாம்பு பூசியிருந்தால் அது கருப்பநீராகவே நிற்கும், காய்ச்சினால் பனங்கட்டியாகும். சுண்ணாம்பு இல்லையேல் காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவம் சில மணி நேரத்திலேயே நொதித்தலைத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது மாலைக்குள் ஏறத்தாழ பியரின் வலுவை எட்டும். மறுநாள் புளித்து வினாகிரியை நோக்கிச் செல்லும். சட்டம் பார்க்கும் எல்லைக்கோடு, நடைமுறையில் ஒரு கரண்டி சுண்ணாம்பில் தங்கியிருக்கின்றது எனலாம்.

முஸ்லிம் வாசகர்களுக்கும் இது தொடர்பற்ற விடயமன்று. மயக்கம் தரும் நிலையை அடைந்தது விலக்கப்பட்டது. அடையாத கருப்பநீரும் பனங்கட்டியும் ஆகுமானவை. கள்ளிலிருந்து தானாகவே மாறிய வினாகிரி ஆகுமானது என்பதில் மார்க்க அறிஞர்களிடையே ஒத்த கருத்துண்டு. மனிதர் வேறு பொருள் சேர்த்து மாற்றியதிலேயே மத்ஹபுகள் வேறுபடுகின்றன. சமையலறையில் தென்னை வினாகிரிப் போத்தலைக் கையிலெடுப்பவர் அது உருவான விதத்தை அறிந்திருப்பது நன்று.

அப்படியாயின் சீவல் தொழிலாளி தன் கள்ளை எவ்வழியில் விற்பது? யாழ்ப்பாணத்தில் முன்னர் மரவரி முறை இருந்தது. 1970 களில் அதற்குப் பதிலாகத் தவறணை முறையும், தொழிலாளரே அங்கத்தவராகும் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களும் வந்தன. அங்கத்தவர் இறக்குவதைச் சங்கம் கொள்வனவு செய்து, உரிமம் பெற்ற தவறணையில் விற்கும். இடைத்தரகரின் பிடியிலிருந்து ஒரு சமூகத்தை ஓரளவு மீட்ட ஏற்பாடு இது என்பதை நாம் மறுக்கவில்லை.

எனினும் நொதித்தல் படகுக்காகக் காத்திருப்பதில்லை. சங்கத்தின் கொள்வனவு ஒரு நாள் தடைப்பட்டால், அனலைதீவில் இறக்கிய கள்ளைக் கடல் கடந்து கொண்டுபோய் விற்றுவிட முடியாது. ஒன்றில் அது ஊற்றப்படும், அல்லது வேலியோரத்தில் களவாக விற்கப்படும். இரண்டாவதைச் செய்தவர், கசிப்பு வடித்தவர் நிற்கும் அதே நீதவான் நீதிமன்றத்தில் நிற்க நேரிடுகின்றது. வடிகட்டலில் நச்சுச் சேரக்கூடிய கசிப்பையும், மரத்திலிருந்து இறங்கிய கள்ளையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது என்பது எமது நிலைப்பாடு.

உரிமம் கிடைத்தவருக்கும் கடமைகள் உண்டு. அது ஆண்டுதோறும் டிசம்பர் 31 உடன் காலாவதியாகும். பாடசாலைகளுக்கும் வழிபாட்டுத் தலங்களுக்கும் உரிய தூரம் பேணப்படவேண்டும். பௌர்ணமி தினத்தில் கடை திறக்கமுடியாது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மது விற்பதையும், மதுவுக்கு விளம்பரம் செய்வதையும் தடைசெய்கின்றது. பெண்களுக்கு மது விற்பதற்கும் விற்பனை இடங்களில் அவர்களை வேலைக்கமர்த்துவதற்கும் இருந்த தடை 2018 ஜனவரியில் நீக்கப்பட்டு, சில தினங்களிலேயே ஜனாதிபதியின் பணிப்பில் மீண்டும் கொண்டுவரப்பட்டது. சீவுபவர் மரத்தில் நிற்க, வீட்டில் பெண்ணே முட்டியைப் பொறுப்பேற்கும் குடும்பங்களை அன்று எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

தமிழகத்தில் 1987 முதல் கள்ளு முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆனால் 2003 முதல் அரசே டாஸ்மாக் கடைகளில் வெளிநாட்டு வகை மதுவை விற்கின்றது. அருகிலுள்ள கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இயங்குகின்றன. எமது நாடு இரண்டுக்கும் இடையில் நிற்கின்றது.

புதிய மதுக்கடைகள் திறக்கப்படவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. குடியால் அழிந்த குடும்பங்களைத் தீவகமும் கண்டிருக்கின்றது. சிறிய தீவுகளில் சங்கத்தின் கொள்வனவு நாளாந்தம் நடைபெறவேண்டும். விற்பனையாகாத கள்ளை வினாகிரியாக்கும் வசதி தீவிலேயே அமையவேண்டும். சுண்ணாம்பிட்ட கருப்பநீரை இறக்குபவர் சோதனைக்கும் சந்தேகத்துக்கும் உள்ளாகாதவாறு எளிய அத்தாட்சியொன்று வழங்கப்படவேண்டும். மதுவரித் திணைக்களமும் பனை அபிவிருத்திச் சபையும் பிரதேச செயலகமும் இதனை அடுத்த பருவம் தொடங்குமுன் கூடிப் பேசலாம். பாளை தள்ளும் காலம் தை, மாசியில் ஆரம்பித்துவிடும்.