குடல் முறுக்கமும் சி.டி. ஸ்கேனும்: ஜொகூர் மாநில அவசர மருத்துவம்

குடல் முறுக்கம் என்பது குடலின் ஒரு பகுதி, தன்னை வயிற்றின் பின்சுவரோடு பிணைக்கும் குடல்தாங்கிச் சவ்வை அச்சாகக் கொண்டு சுற்றிக்கொள்ளும் அவசர நோய்நிலை. மருத்துவர்கள் இதை வால்வுலஸ் என்பர். முறுக்கிய இடத்தில் குடலின் வழி அடைபடுகிறது. குடலுக்கான இரத்தக் குழாய்களும் அதே சவ்வின் வழியே செல்வதால் இரத்த ஓட்டமும் தடைபடும். இரத்தம் முற்றிலும் நின்றால் சுமார் 6 மணி நேரத்தில் குடற்சுவர் மீட்க முடியாத நிலையை அடையக்கூடும். முறுக்கம் உண்டா, எந்த இடத்தில், குடலுக்கு இரத்தம் போகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் பெரியவர்களிடம் ஒரே பரிசோதனையில் விடை தேட உதவுவது சி.டி. ஸ்கேன்.

வகைகள்

பெரியவர்களிடம் அதிகம் முறுக்கிக்கொள்வது மலக்குடலுக்கு மேலுள்ள சிக்மாய்டு குடல். நீண்டகால மலச்சிக்கல், முதுமை, படுத்த படுக்கையான நிலை, நரம்பு நோய்கள் ஆகியன இதற்கு வழிவகுக்கின்றன. அடுத்தது பெருங்குடலின் தொடக்கமான சீக்கம். கருவிலேயே குடல் சரியாகத் திரும்பி அமையாத குழந்தைகளுக்குச் சிறுகுடல் முழுவதுமே முறுக்கிக்கொள்ளலாம்.

அறிகுறிகள்

வயிற்று வலி, வயிறு உப்புதல், மலமும் வாயுவும் வெளியேறாமை, வாந்தி ஆகியன முக்கிய அறிகுறிகள். பச்சிளங்குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதைக் குடல் முறுக்கம் என்றே கருத வேண்டும். முதியவர்களிடம் வலி மங்கலாக இருக்கக்கூடும். 'வாயுத் தொல்லை' என்று ஓமநீர் குடித்துக் காத்திருப்பதால் சிகிச்சைக்கான நேரம் கழிந்துவிடுகிறது.

ஸ்கேன் எடுக்கும் முறை

அவசரப் பிரிவில் முதலில் சிரை வழியாக நீர்மம் ஏற்றி, மூக்குக் குழாய் மூலம் இரைப்பையில் தேங்கியதை வெளியேற்றி, இரத்தப் பரிசோதனை செய்வர். சாதாரண எக்ஸ்ரேயில் உப்பிய சிக்மாய்டு குடல் ஒரு பெரிய காப்பிக்கொட்டை வடிவில் தெரியலாம். ஆனால், எல்லா நோயாளிகளிடமும் இது தெளிவாகத் தெரிவதில்லை. எனவே அடுத்த கட்டமாக சி.டி. எடுக்கப்படுகிறது.

அயோடின் கலந்த மருந்தைச் சிரையில் செலுத்தி, ஏறத்தாழ 70 வினாடிகள் கழித்து வயிற்றைப் படமெடுப்பது வழக்கம். வாய்வழி மருந்து பொதுவாகத் தேவைப்படாது. குடலில் தேங்கிய நீரும் காற்றுமே உட்புறத்தைக் காட்டிக்கொடுக்கும். வயிற்று சி.டி.யின் கதிர்வீச்சு சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து ஒருவர் பெறும் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். உயிர் ஆபத்தில் இருக்கும்போது இந்த அளவு ஏற்கத்தக்கதே.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஆகவே நோயாளி நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் உட்கொள்கிறாரா, சிறுநீரகக் கோளாறோ அயோடின் கலந்த ஸ்கேன் மருந்துக்கு ஒவ்வாமையோ உண்டா என்பதைக் குடும்பத்தார் உடனே சொல்வது பேருதவி. குடல் அழுகும் ஐயம் வலுவாக இருந்தால், சிறுநீரகப் பரிசோதனை முடிவுக்காக ஸ்கேனைத் தள்ளிப்போடுவதில்லை.

படத்தில் தேடும் அடையாளங்கள்

- சுழல் அடையாளம்: சவ்வும் இரத்தக் குழாய்களும் நீர்ச்சுழிபோல் சுற்றியிருப்பது. சிறுகுடல் முறுக்கத்தில் இதை 1981இல் ஃபிஷர் என்ற ஆய்வாளர் விவரித்தார்.
- பறவை அலகு அடையாளம்: உப்பிய குடல் முறுக்கை நோக்கிக் கூராகக் குறுகுவது.
- மூடிய வளையம்: ஒரே குடற்பகுதி அருகருகே இரண்டு இடங்களில் அடைபட்டிருப்பது.
- இரத்தக் குறைவு: மருந்து ஏறியும் குடற்சுவர் ஒளிராமை, சவ்வில் நீர்க்கசிவு, குடற்சுவரிலோ கல்லீரலுக்குச் செல்லும் சிரையிலோ காற்று.
- குடலுக்கு வெளியே தனித்த காற்று: குடலில் ஓட்டை விழுந்ததற்கான குறி.

ஸ்கேனின் எல்லை

வயிறு பலகைபோல் இறுகி, இரத்த அழுத்தம் சரிந்திருக்கும் நோயாளியை ஸ்கேனுக்காக நிறுத்திவைக்காமல் நேரே அறுவை அரங்குக்குக் கொண்டுசெல்வதே முறை. முறுக்கு தானே அவிழ்ந்தும் மீண்டும் சுற்றியும் வந்தால், இடையில் எடுத்த படம் இயல்பாகவே தோன்றலாம். இரத்தத்தில் லாக்டேட் அளவு இயல்பாக இருப்பதும் ஆபத்தில்லை என்பதற்கு உறுதியாகாது. குழந்தைகளுக்கு அல்ட்ராசவுண்டும், இரைப்பை, முன்சிறுகுடல் வழியே மருந்து செல்வதைக் காட்டும் எக்ஸ்ரே பரிசோதனையுமே முதல் தேர்வு.

சிகிச்சை

சிக்மாய்டு குடல் அழுகாதிருந்தால், ஆசனவாய் வழியே உள்நோக்கியைச் செலுத்தி முறுக்கை அவிழ்த்து, வாயு வெளியேற ஒரு குழாயை விட்டுவைப்பர். மீண்டும் முறுக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், உடல் தாங்குவோருக்கு அந்தப் பகுதியை அகற்றும் அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் அதே அனுமதிக் காலத்தில் செய்யப்படுகிறது. சீக்க முறுக்கத்துக்கும் அழுகிய குடலுக்கும் அறுவையே வழி. குழந்தைகளுக்கு, அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் லாட் 1936இல் வெளியிட்ட முறை இன்றும் அடிப்படையாக உள்ளது.

ஜொகூரில்

ஜொகூர் 10 மாவட்டங்களும் ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீட்டர் பரப்பும் கொண்ட மலேசிய மாநிலம். ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா, சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைகளும், மூவார், பத்து பகாட், குளுவாங், சிகாமாட் ஆகிய ஊர்களில் நிபுணத்துவ மருத்துவமனைகளும் உள்ளன. நிபுணர்கள் நிலையாகப் பணியாற்றாத சிறிய மாவட்ட மருத்துவமனைகள் இவற்றையே நம்பியுள்ளன. மெர்சிங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் சுமார் 130 கிலோமீட்டர். மெர்சிங்கின் எதிரேயுள்ள தீவுவாசிகள் முதலில் படகேற வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். 2023 மார்ச் வெள்ளத்தில் சிகாமாட், பத்து பகாட் வட்டாரங்களில் சாலைகள் மூழ்கின.

இத்தகைய நிலப்பரப்பில் பயண நேரத்தையும் நோயின் கெடுவில் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஐயம் எழுந்ததுமே அறுவைச் சிகிச்சைக் குழுவுக்குத் தொலைபேசியில் தெரிவித்து, நீர்மம் ஏற்றி, ஸ்கேனும் அறுவை அரங்கும் ஒருங்கே உள்ள இடத்துக்கு நோயாளியை அனுப்புவதே பாதுகாப்பான வழி. வீட்டிலிருப்போர் செய்ய வேண்டியதும் தெளிவு: உப்பிய வயிறும் வலியும் மலம், வாயு அடைப்பும் சேர்ந்து வந்தால் உணவோ பேதி மருந்தோ கொடுக்காமல் 999ஐ அழைக்க வேண்டும்.