நெறி கட்டுன காலும் நெடுநாள் கதையும்

காலில் முள் குத்தி, அது கொஞ்சம் சீழ் வச்சா மறுநாள் தொடை இடுக்கில் உருண்டையா ஒரு கட்டி வரும். எங்க பக்கம் அதை "நெறி கட்டியிருக்கு" என்போம். புண் கீழே, வலி மேலே. சின்ன வயசில் எனக்கு இது பெரிய ஆச்சரியம். அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. காலில் நுழைஞ்ச கிருமியை மேலே போகவிடாம மறிக்கிற காவல்சாவடி.

நம்ம உடம்பில் ரத்தம் பாய்ச்சல் வாய்க்கால்னா நிணநீர் வடிகால். ரத்தக்குழாயிலிருந்து கசிஞ்ச நீரை வாரிக்கொண்டுபோய்த் திரும்ப ரத்தத்திலேயே சேர்க்கும். 1622-ல் இத்தாலியில் காஸ்பாரோ அசெல்லி ஒரு நாயின் வயிற்றைத் திறந்து பார்த்தப்போ, பால் மாதிரி வெள்ளையா ஓடுற குழாய்களைக் கண்டார். அங்கிருந்துதான் இந்த வடிகாலைப் பத்தின புது ஆராய்ச்சி சூடுபிடிச்சது.

வடிகால் அடைச்சா வயல் என்னாகும்னு விவசாயிக்குச் சொல்லவேண்டாம். உடம்பில் அப்படி ஆவதுதான் யானைக்கால். கும்பகோணம்னா வெத்தலைக்கு அடுத்து இந்த நோயைச் சொன்ன காலம் ஒண்ணு இருந்தது. முன்ஜென்மப் பாவம்னும் தண்ணி தோஷம்னும் பேசுவாங்க. அந்த வீட்டில் பெண் எடுக்கத் தயங்குவாங்க.

பாவம் இல்லை, புழு. 1872-ல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் மனுஷ ரத்தத்தில் அந்தக் குட்டிப் புழுக்களைப் பார்த்தார். 1877-ல் சீனாவின் அமாய் துறைமுகத்தில் இருந்த பேட்ரிக் மேன்சன், நோய் இருந்த தன் தோட்டக்காரரைக் கொசு கடிக்கவிட்டு, அந்தக் கொசுவுக்குள் புழு வளருவதைக் கண்டுபிடிச்சார். ஆனா கொசு தண்ணியில் செத்து, அந்தத் தண்ணியைக் குடிக்கிறவனுக்கு நோய் வருதுன்னு அவர் நினைச்சார். கடிதான் காரணம்னு தெளிவாக 1900 ஆச்சு.

குட்டிப் புழு பகலில் உள்ளே பதுங்கி, ராத்திரி கொசு கடிக்கிற நேரத்தில்தான் தோலுக்குப் பக்கத்து ரத்தத்துக்கு வரும். சுகாதாரத் துறைக்காரங்க நடுராத்திரி கதவைத் தட்டி விரலில் குத்தி ரத்தம் எடுத்தது அதனால்தான். ஊரே திட்டிக்கிட்டுத்தான் விரலை நீட்டும்.

மருந்திலும் நம்ம பக்கத்துச் சொந்தம் உண்டு. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படிச்ச எல்லாப்பிரகட சுப்பாராவ், கதர் உடுத்தினதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானவர். அமெரிக்கா போய் லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் நடந்த வேலையில்தான் 1947-ல் டி.இ.சி. மருந்து வந்தது. 1955-ல் நாடு தழுவிய தடுப்புத் திட்டம் தொடங்குச்சு. 1980-களில் காரைக்காலில் அந்த மருந்தை உப்பிலேயே கலந்து கொடுத்துப் பார்த்தாங்க. 1996-ல் கடலூர் மாவட்டத்தில் வருஷத்துக்கு ஒருதரம் எல்லாருக்கும் மாத்திரை தர ஆரம்பிச்சாங்க.

"நல்லா இருக்கிறவனுக்கு எதுக்கு மருந்து?"ன்னு மாத்திரையை வாங்கித் தலையணைக்கடியில் வச்சவங்க நிறையப்பேர். கால் வீங்காதவன் ரத்தத்திலும் புழு இருக்கும், அவனைக் கடிச்ச கொசுதான் அடுத்த வீட்டுக்குப் போகும். இது புரிஞ்சப்புறம்தான் ஜனங்க முழுங்கினாங்க. இலங்கை இந்த வழியில் போய் 2016-ல் உலக சுகாதார நிறுவனத்திடம் நோயை ஒழிச்சதுக்கான சான்று வாங்கிருச்சு. நாம இன்னும் முழுசா முடிக்கலை.

நகரத்து நண்பர்களே, இது கிராமத்து நோய்னு நினைக்காதீங்க. இந்தக் கொசு வளர்றது சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும்தான். செப்டிக் டேங்க் காற்றுக்குழாய் வாயில் ஒரு வலை கட்டினாலே பாதி வேலை முடிஞ்சது.

ஏற்கெனவே வீங்கின காலை மாத்திரை பழையபடி ஆக்காது. ஆனா தினம் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைச்சு, சேத்துப்புண் வராம பார்த்துக்கிட்டா அடிக்கடி வர்ற காய்ச்சலும் வலியும் குறையும். படுக்கும்போது காலைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கணும். நிணநீருக்குன்னு தனியா இதயம் கிடையாது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகித் தளர்றதுதான் அதை மேலே தள்ளும். நாள்பூரா நாற்காலியில் உட்காருகிறவங்களுக்கும் இது பொருந்தும்.

எங்க ஊரில் வேட்டியை இழுத்து இழுத்துக் காலை மறைச்சுக்கிட்டே வாழ்ந்து முடிச்ச பெரியவர் ஒருத்தர் இருந்தார். கல்யாண வீட்டுப் பந்தியில் கடைசியாத்தான் உட்காருவார். அவர் செஞ்ச பாவம்னு எதுவும் இல்லை. ஒரு கொசு கடிச்சது, அவ்வளவுதான்.