எது குறைவோ அது: கடைத்தெரு வழியே ஒரு சட்ட வரலாறு

‘தொழிலாளர் நலன்’ என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்தால் மாணவர்கள் என்ன எழுதுகிறார்கள்? ‘அரசாங்கம் பல சட்டங்களை இயற்றியுள்ளது’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். எந்தச் சட்டம், யாருக்கு, எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. அதனால் இம்முறை ஒரே ஒரு சட்டத்தைப் பார்ப்போம். இடமும் நமக்குத் தெரிந்த இடம்தான்: பினாங்கு லிட்டில் இந்தியா.

லெபோ பாசார் அஞ்சடியில் நடந்து பாருங்கள். சாப்பாட்டுக் கடை, நகைக்கடை, துணிக்கடை, முடிதிருத்தும் கடை என்று வரிசையாக இருக்கும். பக்கத்திலுள்ள லெபோ கிங்கிற்கு நம்மவர்கள் வைத்திருந்த பெயர் படகுக்காரத் தெரு. கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கு ஏற்றி இறக்கியவர்களின் பெயர் அதில் தங்கிவிட்டது. அப்படி ஒருவர் சரக்கு விழுந்து கால் ஒடிந்து படுத்தால் என்ன ஆகும்? முதலாளியின் தவற்றை அவரேதான் நிரூபிக்க வேண்டும். உடன் வேலை செய்தவரின் கவனக்குறைவால் அடிபட்டால் முதலாளி பொறுப்பில்லை என்பது 1837-இலிருந்து ஆங்கிலேய நீதிமன்றங்கள் பிடித்துக்கொண்டிருந்த விதி. கூலியாள் எங்கே போய் வழக்காடுவார்?

இதை மாற்றியது பிரிட்டனின் 1897-ஆம் ஆண்டுச் சட்டம். யார் தவறு என்ற கேள்வியே வேண்டாம். வேலையால் காயம் என்றால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். அந்த வழியில் இந்தியாவுக்கு 1923-இல் ஒரு சட்டம் வந்தது. மலாயாவில் 1952-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. காயம் ‘வேலை காரணமாக’ ஏற்பட்டிருக்க வேண்டும், ‘வேலையின்போது’ம் ஏற்பட்டிருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் மாணவர்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். கடையில் நிற்கும்போது மாரடைப்பு வந்தால் அது வேலையின்போது நேர்ந்ததுதான். வேலை காரணமாக வந்ததா என்பது வேறு கேள்வி.

ஆனால் 1952-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது ஒரே தடவைத் தொகை. கைக்கு வரும், கடனுக்குப் போகும், தீர்ந்துவிடும். 1969-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வேறு மாதிரி. அதன்கீழ் 1971-இல் சொக்சோ செயல்படத் தொடங்கியது. முடமானவருக்கு ஆயுள் முழுதும் மாதாமாதம் பணம். இறந்தால் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு. தொடக்கத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்கள் இதில் சேரவில்லை. இரண்டு பேர், மூன்று பேர் வேலை செய்யும் கடைகளெல்லாம் வெளியேதான் நின்றன. 1992-இல் அந்த வரம்பு போனது. ஒரே ஒரு ஆள் இருந்தாலும் முதலாளி பதிய வேண்டும் என்றானது.

சின்னக் கடைகளுக்குக் கதவு திறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. 1993 ஏப்ரல் 1 முதல் அந்நியத் தொழிலாளர்கள் சொக்சோவிலிருந்து நீக்கப்பட்டு, பழைய 1952-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த நிரந்தரவாசிகள் தப்பித்தார்கள். ஊரிலிருந்து பெர்மிட்டில் வந்த சமையல்காரரும் நகைத்தொழிலாளியும் தப்பவில்லை.

அந்தப் பழைய சட்டத்தில் ஒரு சின்னச் சொற்றொடர் உண்டு. மரணத்துக்கு 60 மாதச் சம்பளம் அல்லது 18,000 ரிங்கிட், ‘எது குறைவோ அது’. கணக்குப் போடுங்கள். மாதம் 1,200 ரிங்கிட் வாங்கியவருக்கு 60 மாதம் என்றால் 72,000. ஆனால் குறைவானது 18,000. மூன்று சொல் 54,000 ரிங்கிட்டை விழுங்கிவிட்டது. அந்நியத் தொழிலாளிக்குக் கூடுதலாக 7,000 உண்டு, ஆக மொத்தம் 25,000. அதே அடுப்படியில், அதே சம்பளத்தில், மலேசியக் குடிமகன் வேலை விபத்தில் இறந்தால் சொக்சோ சராசரிச் சம்பளத்தில் 90 விழுக்காட்டைக் கணக்கிட்டு, குடும்பத்துக்கு மாதம் ஆயிரத்துக்கும் சற்று மேல் கொடுக்கும். அதாவது அந்த 25,000 இரண்டே வருடத்தில் முடியும் பணம். விதவைக்கும் பிள்ளைகளுக்கும் அதற்குப் பிறகும் வாழ்க்கை இருக்கிறதே!

அரசாங்கம் சொன்ன காரணம், நாடு திரும்பியவர்களுக்கு மாதாமாதம் பணம் அனுப்புவது நிர்வாகச் சிக்கல் என்பது. எனக்கு அது பொருந்தும் காரணமாகத் தெரியவில்லை. லிட்டில் இந்தியாவிலேயே ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகள் இருக்கின்றன. விபத்து இழப்பீட்டில் உள்நாட்டவரையும் வெளிநாட்டவரையும் சமமாக நடத்த வேண்டும் என்கிற அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 19-ஆம் ஒப்பந்தம் 1925-இல் வந்தது. மலாயா அதை 1957-இலேயே ஏற்றது. அந்த அமைப்பின் கண்காணிப்புக் குழுக்கள் இந்த வேறுபாட்டைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டின.

மாற்றம் வர 25 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2019 ஜனவரி 1 முதல் அந்நியத் தொழிலாளர்கள் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்தில் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். முதலாளி சம்பளத்தில் 1.25 விழுக்காடு செலுத்துகிறார். பழைய சட்டம் தொழிலாளியாகவே கருதாத வீட்டுப் பணியாளர்கள் 2021 ஜூனில் சேர்ந்தார்கள். வேலைக்குத் தொடர்பில்லாத நோயால் உழைக்க முடியாமல் போனவருக்கான இயலாமை ஓய்வூதியத் திட்டம் அந்நியத் தொழிலாளர்களுக்கு 2024 ஜூலை 1-இல்தான் வந்தது. இடையில் 2023-இல் முடிதிருத்தும் கடை, துணிக்கடை, நகைக்கடை ஆகிய மூன்று துறைகளுக்கு 7,500 பேரை வெளிநாட்டிலிருந்து எடுக்க அனுமதி கிடைத்தது. அப்படி லிட்டில் இந்தியாவுக்கு இப்போது வருகிறவர்கள் சொக்சோவுக்குள் வருகிறார்கள். 2018-இல் அதே கடையில் விபத்துக்குள்ளானவருக்கு ‘எது குறைவோ அது’தான்.