கப்பற்பணம்

‘ஷிப் மனி’ என்னும் ஆங்கில வரிப்பெயரின் தமிழ் வடிவமே கப்பற்பணம். போர் அபாயம் நேர்கையில் கடற்கரை ஊர்கள் மன்னருக்குக் கப்பலும் மாலுமிகளும் அளிக்க வேண்டும், இயலாவிடின் அவற்றுக்கு ஈடான பணத்தைச் செலுத்த வேண்டும் என்ற இடைக்கால இங்கிலாந்தின் வழக்கத்திலிருந்து இச்சொல் பிறந்தது. 1629-இல் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு 11 ஆண்டுகள் அதனைக் கூட்டாமலேயே ஆண்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ், அதன் இசைவின்றிப் புதுவரி விதிக்க இயலாமையால், இப்பழைய உரிமையைத் தேடியெடுத்து 1634-இல் கடற்கரை ஊர்கள் மீதும், மறு ஆண்டில், போரே இல்லாத நிலையில், உள்நாட்டு மாவட்டங்கள் மீதும் சுமத்தினார். பணம் கடற்படைக்கே செலவாயிற்று என்பது உண்மைதான். ஆயினும் பூசலின் சாரம் செலவில் இல்லை, வரி விதிக்கும் அதிகாரம் யாருடையது என்பதில் இருந்தது. பக்கிங்காம்ஷயர் நிலக்கிழாரும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் ஹாம்ப்டன் தம் நிலமொன்றுக்குரிய 20 ஷில்லிங்கைச் செலுத்த மறுத்தபோது, வழக்கை விசாரித்த 12 நீதிபதிகளுள் எழுவர் மன்னர் பக்கமும் ஐவர் ஹாம்ப்டன் பக்கமும் நின்றனர். 1638-இல் கிடைத்த இக்குறுகிய வெற்றி மன்னருக்குத் தோல்வியினும் கேடாக முடிந்தது. பலர் பணம் செலுத்துவதையே நிறுத்தினர். ஸ்காட்லாந்துடன் மூண்ட போரின் செலவுக்காக 1640-இல் கூட்டப்பட்ட நாடாளுமன்றம், மறு ஆண்டில் கப்பற்பணத்தைச் சட்டவிரோதமென அறிவித்தது. 1642 சனவரியில் ஹாம்ப்டன் உள்ளிட்ட ஐந்து உறுப்பினர்களைக் கைதுசெய்ய மன்னர் படைவீரருடன் மக்களவைக்குள் நுழைந்து வெறுங்கையுடன் திரும்பினார். ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு எதிராக நாட்டிங்காமில் போர்க்கொடி ஏற்றினார்; உள்நாட்டுப் போர் மூண்டது. நாடாளுமன்றப் படையில் போரிட்ட ஹாம்ப்டன், சால்குரோவ் களத்தில் காயமுற்று 1643-இல் இறந்தார்.