புயற்கூண்டு ஏற்றுதல்: ஒரு வழக்கின் பிறப்பும் பொருளும்

வங்கக் கடலில் புயல் உருவாகுந்தோறும், ‘துறைமுகத்தில் இத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்னும் தொடர் நாளிதழ்களில் இடம்பெறுகின்றது. சென்னையிலும் எண்ணூரிலும் கூண்டேற்றிய செய்தியை, இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடலை நம்பி வாழ்வோர் உற்றுக் கேட்பர். ஆயினும் அத்தொடரின் பொருளைப் பலரும் பிழைபடவே உணர்கின்றனர். ஆதலின் அதனை ஈண்டு ஆராய்தல் தகும்.

‘புயல்’ என்னும் சொல் பழந்தமிழில் மேகத்தையும் மழையையும் குறித்தது. திருக்குறளின் 14ஆம் பாடலில் மழை என்னும் பொருளிலேயே அது வந்துள்ளது. பெருங்காற்று என்னும் பொருள் பிற்காலத்தது. ‘கூண்டு’ என்பது ‘கூடு’ என்பதன் மெல்லொற்று மிக்க வடிவம். வண்டிக்கூண்டு, பறவைக்கூண்டு என்றாற்போல உள்ளீடற்ற அமைப்பைக் குறிப்பது. துறைமுகக் கம்பத்தில் பகலில் ஏற்றப்பெறும் குறிகள் கூம்பும் உருளையுமாகிய வடிவங்கள். இரவுக்குறிகளோ செந்நிற, வெண்ணிற விளக்குகள். விளக்கேற்றிய இரவிலும் ‘கூண்டு’ என்றே வழங்குதலின், பகற்குறியின் தோற்றமே பெயருக்குக் காரணமாயிற்று எனலாம். கொடியேற்றுதல் போன்றே ‘ஏற்றுதல்’ என்னும் வினையும் கம்பம் பற்றி வந்தது.

இவ்வழக்கு பழமையானதன்று. 1864இல் கல்கத்தாவைப் புயல் அழித்தபின், 1865இல் அத்துறைமுகத்தில் எச்சரிக்கை முறை தோன்றியது. இந்திய வானிலைத் துறை 1875இல் நிறுவப்பெற்றது. 1881 நவம்பரில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களைப் புயல் சிதைத்தது. இந்தியத் துறைமுகங்கள் அனைத்திற்கும் ஒரே குறிமுறை 1898இல் வந்தது. ஆகவே, இத்தொடர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முற்பட்டதாதல் இயலாது.

இனிப் பொருள். எண் உயர உயரக் காற்றின் வலிமையும் படிப்படியே உயரும் என்பது பொதுக்கருத்து. அது முழுதும் உண்மையன்று. 1, 2 தொலைவிலுள்ள தீங்கையும், 3, 4 துறைமுகத்தை நோக்கிய அச்சத்தையும் உணர்த்துவன. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவான அபாயத்தையும், 8, 9, 10 மூன்றும் பேரபாயத்தையும் குறிப்பன. ஒவ்வொரு மும்மையினுள்ளும் வேறுபடுவது புயலின் வழியே: முதலெண், துறைமுகம் புயலின் இடப்பக்கம் அமையும் என்றும், இரண்டாமெண் வலப்பக்கம் அமையும் என்றும், மூன்றாமெண் துறைமுகத்தின் மேலோ அருகிலோ கடக்கும் என்றும் அறிவிக்கும். 11 என்பது செய்தித்தொடர்பு அற்றமையைக் காட்டும்.

இவ்வேறுபாடு சிறிதன்று. மேற்கு நோக்கி வரும் புயல் சென்னைக்கு வடக்கே கடப்பின், சென்னை அதன் இடப்பக்கமாகும். காற்று நிலத்தினின்று கடல்நோக்கி வீசும். தெற்கே கடப்பின், சென்னை வலப்பக்கமாகும். காற்று கடலினின்று கரைநோக்கி வீசி நீரைக் குவிக்கும். 2024 நவம்பர் 30இல் புதுச்சேரி அருகே கரையேறிய பெஞ்சல் புயலுக்குச் சென்னை வலப்பக்கமே இருந்தது.

எனவே, 5க்கும் 6க்கும் உள்ள வேறுபாடு ஓர் எண்ணின் ஏற்றமன்று. காற்று வரும் திசையின் மாற்றம். கரையில் படகை ஏற்றிக் கட்டுவோர் முதற்கண் அறியவேண்டுவது அத்திசையே. எண்ணை மட்டும் கூறிப் பொருளை விடுக்கும் செய்தி, கூண்டை ஏற்றியும் எச்சரிக்கையை ஏற்றாததே யாகும்.