சட்டியில் வாழும் பைன் மரம்



பைன் மரம் மலைக்காட்டில் தானாக வளர்ந்தால் தென்னை உயரத்துக்கு எழும்பும். அதே மரத்தை ஒரு சட்டியில் வைத்து, ஆளுயரத்துக்கு மேல் போகவிடாமல், நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வாழவைக்கிறார்கள் ஜப்பானியர். இக்கலைக்குப் போன்சாய் என்று பெயர். 'போன்' என்றால் தட்டு. 'சாய்' என்றால் நடுதல். சீனாவில் தோன்றி ஜப்பானுக்கு வந்த கலை இது. 1309-ஆம் ஆண்டில் தீட்டப்பட்ட ஜப்பானிய ஓவியச் சுருள் ஒன்றிலேயே தட்டில் வளரும் குறுமரங்களைக் காண்கிறோம்.

இது குட்டை இனம் என்று நாம் எண்ணிவிடக்கூடாது. காட்டு மரத்தின் விதையும் இதன் விதையும் ஒன்றுதான். கைப்பக்குவம்தான் இதைச் சிறிதாக வைக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மரத்தைச் சட்டியிலிருந்து எடுத்து, வேரில் ஒரு பகுதியை நறுக்கி, புது மண்ணில் நடுவார்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதால், மண் குறுணிக் கல்லைப்போல் இருக்கவேண்டும். வசந்தகாலத்தில் கிளை நுனிகளில் மெழுகுவத்திபோல் நிமிரும் தளிர்களை, ஊசி இலைகள் விரியுமுன் அளவாகக் கிள்ளுவார்கள். கிளையைக் கம்பி சுற்றி வளைப்பார்கள். கம்பி பட்டையில் பதியுமுன் கழற்றிவிடுவார்கள். நல்ல வெயிலும் காற்றும் வேண்டும். வீட்டுக்குள்ளேயே வைத்தால் மரம் நலிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலானது தண்ணீர். நிலத்து மரம் ஆழமாக வேர்விட்டு நீரைத் தேடிக்கொள்ளும். சட்டி மரத்துக்கு அந்த வழி இல்லை. கோடையில் நாள்தோறும் கவனிக்கவேண்டும். சில நாள் மறந்தால் 100 ஆண்டு உழைப்பும் கருகிப்போகும்.

இதை மனத்தில் கொண்டு ஹிரோஷிமாவுக்குச் செல்வோம். அந்நகரில் யாமாகி என்ற குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் போன்சாய் வளர்த்து வந்தார்கள். அவர்களிடம் ஒரு வெண் பைன் இருந்தது. அது 1625-ஆம் ஆண்டு முதல் சட்டியில் வளர்க்கப்படுவது. 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் காலை 8.15 மணிக்கு அந்நகர்மேல் அணுகுண்டு வீசப்பட்டது. குண்டு வெடித்த இடத்திலிருந்து யாமாகி வீடு ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தொலைவு. சன்னல் கண்ணாடிகள் நொறுங்கிப் பறந்தன. வீட்டார் சிறு காயங்களோடு தப்பினார்கள். தோட்டத்தைச் சுற்றியிருந்த உயர்ந்த மதில் மரங்களைக் காத்தது.

ஆனால் மதில் தண்ணீர் ஊற்றாது. அது கடுங்கோடைக் காலம். மரம் பிழைத்தது என்றால், ஊரே சாம்பலாகிக் கிடந்த அந்த நாட்களிலும் ஒரு கை அதற்கு நீர் வார்த்திருக்கிறது என்பதே பொருள்.

அந்தப் போர் நமக்கும் அயலாருடைய போர் அன்று. ஜப்பானியர் மலாயாவை ஆண்ட மூன்றரை ஆண்டுகளில், தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வராதவர் ஏராளம். அந்த இழப்பை நாம் மறக்கவேண்டியதில்லை. மறக்காமலே, போரில் அடிபட்ட ஒரு மனிதர் பின்னாளில் செய்த செயலையும் அறிந்துகொள்ளலாம்.

1976-ஆம் ஆண்டு அமெரிக்கா விடுதலை பெற்ற 200-ஆம் ஆண்டைக் கொண்டாடியது. அதற்கு ஜப்பான் 53 போன்சாய் மரங்களைப் பரிசளித்தது. அவற்றில் ஒன்று மசாரு யாமாகி அளித்த இந்தப் பைன். தம் ஊரில் குண்டு வீசிய நாட்டுக்கே, குலச் சொத்தாக வந்த மரத்தைக் கொடுத்தார். அது குண்டுவீச்சைத் தாண்டி வந்த மரம் என்ற செய்தி 25 ஆண்டுகள் வெளியே பரவவில்லை. 2001-இல் அவருடைய பேரன்மார் இருவர் வாஷிங்டன் நகரில் உள்ள தேசிய மரத்தோட்டத்துக்கு வந்து, தாத்தாவின் மரத்தைப் பார்த்துக் கதையைச் சொன்னபோதுதான் உலகம் அறிந்தது.

2025-இல் அம்மரம் சட்டிக்கு வந்து 400 ஆண்டு நிறைந்தது. இப்பொழுது அமெரிக்கர் கைகள் அதற்குத் தண்ணீர் ஊற்றுகின்றன, வேரை நறுக்குகின்றன, தளிரைக் கிள்ளுகின்றன. 400 ஆண்டு வாழ்ந்த மனிதர் எவரும் இல்லை. ஒருவர் வைத்த குவளையை அடுத்தவர் எடுத்தார். அதனால் மரம் வாழ்கிறது. பெரிய காரியங்கள் பலவும் இப்படித்தான் நடக்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்போமாக.